ஈரத்தோட ஏறுன ஆளு

ஏறுங்க சார். என்ன, போர்டப் பாத்துட்டு நிக்கிறீங்களா? "ஈர உடையுடன் அமர வேண்டாம்"னு எழுதித்தான் இருக்கு. அது போர்டு. நான் சொல்றேன்ல, ஏறுங்க. வேட்டி சொட்டுதுன்னா சொட்டிட்டுப் போகுது. அப்பாவுக்குக் காரியம் பண்ணிட்டு அக்னி தீர்த்தத்துல முங்கி எந்திரிச்சு வர்றவரு, இஸ்திரி போட்ட சட்டையோடயா வருவீங்க? துணிப்பை மச்சான் வண்டில போயிருச்சு, மச்சான் ராமநாதபுரத்துல ஓட்டல்ல உக்காந்து பூரிக்குச் சொல்லிட்டாரு. அம்புட்டுதானே. கொண்டுபோய் விட்டுர்றேன்.

பின்னாடி வேணாம் சார், முன்னாடியே வாங்க. பேச்சுத் துணைக்கு ஆகும். நாந்தான் பேசுவேன், நீங்க துணைக்கு.

இந்த டாக்சி ஸ்டாண்டுல யாரக் கேட்டாலும் சொல்லுவாய்ங்க, வில்லாயுதம் வண்டில ஈரத்துணியோட ஒரு ஈ கூட ஏற முடியாதுன்னு. கொஞ்ச நாள் முன்ன வரைக்கும் நாலு மொழியில சொல்லுவேன் நான். இந்திக்காரங்க வந்தா, "மாதாஜி, கப்டா கீலா, காடி ரோயேகா". துணி ஈரம், வண்டி அழுவும்னு. அந்தம்மா சிரிச்சுட்டு இறங்கிப் போய் மாத்திட்டு வந்துரும். தெலுங்குக்காரங்களுக்கு வேற குரலு. நம்ம கோயமுத்தூருப் பக்கம் ஆளுக வந்தா, "ஏனுங், கொஞ்சம் பொறுங், தொவட்டிக்கிட்டு ஏறுங்"னுவேன். நீங்க திருப்பூருதானே? பேச்ச வச்சே கண்டுபிடிச்சேன். நான் ரெண்டாங்கிளாஸ் தாண்டல சார், ஆனா ஒரு ஆளு ரெண்டு வார்த்தை பேசுனா மூணாவது வார்த்தைய நான் பேசிருவேன், அவரு குரல்லயே. ஸ்டாண்டுல எனக்குப் பேரே மைக்செட்டு.

பாம்பன் ரயிலு ஊதுறது, ரயில்வே ஸ்டேஷன்ல அந்தப் பொம்பள "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ன்னு மூக்கால சொல்றது, தீர்த்தக் கிணத்துல வாளிய இறைக்கிறவன் தலைல ஊத்திக்கிட்டே "அடுத்தாளு, அடுத்தாளு"ன்னு விரட்டுறது, எல்லாம் வரும். எங்க பாப்பாவுக்கு ரயிலுதான் பிடிக்கும். இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த சீட்டுதான் அவளுக்கு. கால் கீழ எட்டாது. ஆனா அதிகாரம் எட்டும். "ஏ டிரைவரு, வண்டிய எடு"ன்னுவா. அப்பான்னு கூப்பிட மாட்டா வண்டில ஏறிட்டா. டிரைவருதான். "எங்கம்மா போகணும்?"னு கேட்டா, "ரைட்டு, போலாம்"னுவா. எங்கன்னே சொல்ல மாட்டா. சஷ்டிகான்னு பேரு. சஷ்டி அன்னைக்குப் பொறந்தா.

போன ஐப்பசில காய்ச்சல்ல போயிட்டா.

அத விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. வண்டி விசயம். நீங்க கம்பெனில வேல பாக்குறவரு, படிச்சவரு, நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க. எனக்கு ஒரு பெரிய அக்கிரமம் பண்ணிட்டாய்ங்க சார் ராமநாதபுரத்து ஷோரூம்ல. பேரு சொல்லல. எனக்கு அவிய்ங்க மேல கோவம் இல்ல இப்ப, ஜெயிச்சவன் நான்தான். ஆனாலும் கேளுங்க.

மாசி மாசம் இருக்கும். வண்டி திடீர்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. டிங், டிங், டிங், டிங்னு. நீங்க பெல்ட் போடாம உக்காந்தா கத்தும்ல, அந்தச் சத்தம். என்னடான்னு பாத்தா, நான் பெல்ட் போட்டிருக்கேன். பக்கத்து சீட்டு காலி. காலி சீட்டுக்கு பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு கத்துது. முன்னாடி அந்தச் சின்ன டிவில செவப்பா ஒரு ஆளு படம் வேற, உக்காந்திருக்காப்ல காட்டுது. சீட்டுக்கு அடில ஒரு இது இருக்குமாம், ஆளு உக்காந்தா கனத்த வச்சுக் கண்டுபிடிச்சு இன்னொரு பொட்டிக்குச் சொல்லுமாம். எனக்கு எங்க அதெல்லாம் அன்னைக்குத் தெரியும். நான் சீட்டத் தட்டிப் பாத்தேன். தூக்கிப் பாத்தேன். "ஏப்பா, யாருப்பா அது, காசு குடுக்காம ஏறி உக்காந்திருக்கிறது?"ன்னு கூடக் கேட்டுப் பாத்தேன். கத்துது.

அன்னைக்கு எம் பொண்டாட்டி பூமயில் பின்னாடி உக்காந்திருந்தா. ரேசன் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ பாப்பா போனதுலருந்து முன்னாடி உக்கார மாட்டா. சத்தம் கேட்டதும் நிமிந்தா. கொஞ்ச நேரம் அந்த செவப்புப் படத்தையே பாத்தா. அப்புறம் பின்னாடியிருந்தே எக்கி, கைய நீட்டி, பெல்ட்ட இழுத்து, காலி சீட்டுக்கு மாட்டிவிட்டா. டக்குனு. சத்தம் நின்னுருச்சு.

நான் அசந்துட்டேன். "அடி கெட்டிக்காரி, மெக்கானிக்குக்குத் தோணாதது ஒனக்குத் தோணிருச்சே"ன்னேன்.

அதுலருந்து பாருங்க சார், வீட்ட விட்டு வெளிய வராதவ, தினமும் வண்டிக்கு வர ஆரம்பிச்சுட்டா. சவாரி இல்லாத நேரமாப் பாத்து ஸ்டாண்டுக்கு வந்து, "எங்கயாச்சும் ஒரு சுத்து போயிட்டு வருவமா?"ம்பா. பின்னாடி உக்காந்துக்குவா. கத்துனதும் பெல்ட்ட மாட்டிவிடுவா. எறங்குறப்ப கழட்டிவிட்டுட்டு எறங்குவா. மாட்டுறப்ப இறுக்கமா இருக்கான்னு ஒரு இழு இழுத்துப் பாப்பா. நான் சவாரி முடிச்சு வீட்டுக்கு வந்தா, சாப்பிட்டீங்களான்னு கேக்க மாட்டா, "இன்னைக்குக் கத்துச்சா?"ம்பா. நான் உடனே டிங் டிங் டிங்னு அப்படியே போட்டுக் காட்டுவேன். லேசா ஒரு சிரிப்பு வரும் மொகத்துல. சரிதான், பொழுதுபோக்கு கெடச்சிருச்சு இவளுக்குன்னு நெனச்சேன்.

இதுக்கு முன்னாடி அவ சிரிச்சது கார்த்திகைல. அதுவும் என்னாலதான். சொல்றேன் கேளுங்க, கூத்த. பாப்பா போன பெறகு இவ செவுத்தப் பாத்தே உக்காந்திருப்பா. சோறு எறங்காது. யார் யாரோ வந்து ஆறுதல் சொல்றாங்க, ம்ங்கிறா. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒரே தொழிலு. ஒரு நாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, பாப்பா கொரல்ல, "அம்மா, தோசைக்குச் சீனி"ன்னேன். அவளுக்குச் சட்னி ஆகாது, சீனிதான். அப்படியே வந்துச்சு சார் கொரலு. நானே ஒருக்கா பின்னாடி திரும்பிப் பாத்தேன், அம்புட்டு சுத்தம்.

பூமயில் எந்திரிச்சு ஓடுனா பாருங்க. அடுப்படிக்கு ஓடுனா, வாசலுக்கு ஓடுனா, தெருவுல எறங்கி ரெண்டு பக்கமும் பாத்தா. நான் கதவுக்குப் பின்னாடியிருந்து வெளிய வந்தேன், "ஏமாந்தியா?"ன்னு. அப்படியே முந்தானைய எடுத்து வாயில வச்சுக்கிட்டா. தோளு குலுங்குது. குலுங்குது, குலுங்குது, நிக்கவே இல்ல. அம்புட்டு நாளைக்கு அப்புறம் சிரிச்சா சார்.

அப்புறம் விடுவனா நான்? தினம் ஒரு தடவ போட்டேன். கொல்லப்பக்கத்துலருந்து ஒரு நாளு, போன்ல ஒரு நாளு, ஸ்டாண்டுலருந்து கூப்பிட்டு, "ஏ அம்மா, டிரைவரு வண்டிய எடுக்க மாட்டேங்கிறாரு"ன்னு. அவ போனக் கீழ வைக்கவே மாட்டா. நான் வச்சாலும் வைக்க மாட்டா.

சரி, வண்டி விசயத்துக்கு வர்றேன்.

கத்துறதோட நின்னிருந்தா நான் பாட்டுக்கு ஓட்டியிருப்பேன். பங்குனில வைப்பர் தானா ஆட ஆரம்பிச்சிருச்சு. வெயிலு மண்டையப் பொளக்குது, வைப்பர் சரக்கு சரக்குன்னு போயிட்டு வருது. அப்புறம் கதவு தானா பூட்டிக்கிறது, தானா தெறக்கிறது. ஒரு நாள் ஒரு ஐயரு மாமாவ உள்ள வச்சுப் பூட்டிருச்சு. அவரு உள்ளயிருந்து, "அட கஷ்டமே, தொறடா, தர்ப்பணத்துக்கு நேரமாச்சு"ன்னு கண்ணாடியத் தட்டுறாரு. ஸ்டாண்டே சிரிக்குது. கடைசில ஒரு நா வண்டி நின்னே போச்சு. கயிறு கட்டித்தான் இழுத்துக்கிட்டுப் போனோம் ராமநாதபுரத்துக்கு.

அங்க ஒரு பையன், சட்டைல பேரு குத்தியிருக்கும், ஜெரால்டுன்னு. வண்டிய வாங்கிக் கம்ப்யூட்டருல மாட்டிப் பாக்குறது அவன்தான். பேசுனா பல்லு வெளிய தெரியாம பேசுவான், உதட்ட மட்டும் அசைச்சு. "அண்ணே, மாட்யூல் போயிருச்சுண்ணே"ன்னான். எனக்கு மாடுன்னு கேட்டுச்சு. "தம்பி, இது காருப்பா, மாடு எங்கருந்து வந்துச்சு?"ன்னேன். அவன் சிரிக்கல. அங்க இருந்த ஒரு ஆளும் சிரிக்கல, ஏசி போட்ட எடத்துல சிரிக்க மாட்டாய்ங்க போல. அப்புறம் சொன்னான், அது ஒரு பொட்டியாம், சீட்டுக்கு அடில இருக்குமாம், கதவு, லைட்டு, வைப்பரு, பெல்ட்டு எல்லாத்துக்கும் அதுதான் உத்தரவு போடுமாம். நான் அதுக்கு மாட்டுப்பொட்டின்னு பேரு வச்சுட்டேன்.

"வாரண்டி இருக்குல்ல, மாத்திப் போடு தம்பி"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பாத்தா மாத்திட்டாய்ங்க. பில்லக் கைல குடுக்குறாய்ங்க. வாரண்டி கெடையாதாம். ஏன்னா, "சால்ட் வாட்டர் என்ட்ரிண்ணே". உப்புத் தண்ணி உள்ள போயிருக்காம். கம்பெனித் தப்பு இல்லையாம், என் தப்பாம். அந்தத் தொகைக்கு நான் பாதி வண்டி வாங்கியிருப்பேன் சார்.

எனக்கு வந்துச்சு பாருங்க. யாரப் பாத்து என்ன சொல்றான். ராமேஸ்வரத்துல அம்புட்டு வண்டியும் ஈரத்துணி ஏத்துற வண்டி. அம்புட்டு வண்டி சீட்டும் உப்புப் பூத்து, நாத்தம் அடிக்கும். ஒரே ஒரு வண்டி காஞ்ச வண்டி. அது என் வண்டி. போர்டு போட்டிருக்கேன், படிக்கத் தெரிஞ்சா படின்னேன். அவன் போன எடுத்து ஒரு படத்தக் காட்டுறான். சீட்டுக்கு அடில விரிப்பத் தூக்கி எடுத்த படம். மணலு. பொடிப் பொடியாச் சிப்பி. பொட்டியோட ஊசியெல்லாம் பச்சப் பச்சையாப் பூத்துப்போய்க் கெடக்கு. "யாரோ கடல்லருந்து நேரா வந்து உக்காந்திருக்காங்கண்ணே, லேசா நனைஞ்ச துணியில்ல, நல்லா முங்கி வந்த ஆளு"ங்கிறான்.

"இது என் வண்டிப் படமே இல்ல"ன்னுட்டேன். வண்டிய நீயே வச்சுக்க, ஒத்தப் பைசா குடுக்க மாட்டேன்னு சாவியத் தூக்கி மேசைல போட்டுட்டு பஸ் ஏறிட்டேன்.

அதுக்கப்புறம் தினமும் போனேன் சார் அங்க. பஸ்ல போயி, சண்ட போட்டுட்டு, பஸ்ல வருவேன். வண்டி இல்ல, சவாரி இல்ல, வேற என்ன வேல? வாசல்ல நின்னுக்கிட்டு வண்டி வாங்க வர்றவங்ககிட்ட, ஜெரால்டு கொரல்லயே, உதட்ட மட்டும் அசைச்சு, "வாங்க சார், நல்ல வண்டி சார், மழ பேஞ்சா மட்டும் எடுக்காதீங்க சார், மாட்டுக்குச் சளி பிடிச்சுரும் சார்"னு பேசுவேன். கூட்டம் கூடிரும். மேனேஜரு வெளிய வந்து, உள்ள வாங்க பேசிக்கலாம்பாரு. மேனேஜரு கொரல்லயும் பேசுனேன். ஜெரால்டு பாவம், ஒரு நா அவனே லேசாச் சிரிச்சுட்டான். ஆனா பில்லு மட்டும் அப்படியே நிக்குது.

வீட்டுல பூமயில் ஒரே கேள்விதான். "எதுக்கு மாத்துனீங்க?" ஏன் அம்புட்டுப் பணம்னு கேக்கல பாருங்க, எதுக்கு மாத்துனீங்கன்னு கேக்குறா. "அடியே, வண்டி நின்னுபோச்சுல்ல"ங்கிறேன். "கத்துறது நின்னுருச்சா?"ங்கிறா. "அதெல்லாம் புதுசு போட்டாச்சு, இனிமே சும்மா சும்மா கத்தாது, ஆளு உக்காந்தாத்தான் கத்தும்"னேன். சந்தோசப்படுவான்னு பாத்தேன். மறுபடி செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டா. பொம்பளைகளுக்கு வண்டி விசயம் புரியாது சார்.

இந்தா பாலம் வந்துருச்சு. காத்து அடிக்கும், கண்ணாடிய ஏத்திக்கங்க, ஈரத்தோட இருக்கீங்க.

கடைசில எனக்கு ஒரு ரோசனை. சாட்சி கொண்டு போவோம். ஸ்டாண்டு பயலுகளக் கூப்பிட்டா ஆள் சேத்துட்டு வந்துட்டான்னுவாய்ங்க. பூமயில் போதும். அவ பொய் சொல்ல மாட்டா, மொகத்தப் பாத்தாலே தெரியும். வாடி, வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு, எம் புருசன் ஈரத்துணியோட யாரையும் ஏத்த மாட்டாருன்னு. அது போதும்னேன். வரல வரலன்னா. இழுத்துக்கிட்டுப் போனேன்.

ஏசி எடம். கண்ணாடி மேச. அந்தப் பக்கம் ஜெரால்டு, பின்னாடி மேனேஜரு நிக்கிறாரு. இவ சேலை முந்தானையப் போத்திக்கிட்டு நாற்காலி நுனில உக்காந்திருக்கா. நான் வக்கீல் கொரல எடுத்துக்கிட்டு, "சொல்லும்மா, இந்த வாகனத்துல ஈர உடையுடன் எந்த நபராவது ஏறியது உண்டா?"ன்னேன்.

அவ ஜெரால்டப் பாத்துச் சொல்றா. "நான் ஏறுனேன் தம்பி."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "அடியே, பயணியக் கேக்குறாங்க. நீ பயணியா?"ன்னேன். ஆமா சார், ஒரு நா ஏறுனா. அது எனக்கும் தெரியும். நான் அத ஒரு கணக்குலயே வைக்கல. பொண்டாட்டி ஏறுறத யாராச்சும் ஆளு ஏறுறதுன்னு சொல்லுவாங்களா? கார்த்திகை கடைசில ஒரு நா, விடிஞ்சும் விடியாம, நான் ஸ்டாண்டுல வண்டியத் தொடச்சுக்கிட்டிருக்கேன். எதுக்க கடல்லருந்து வர்றா. தலையோட நனைஞ்சு, சேலையெல்லாம் மண்ணு. நான் ஏதோ சொல்றதுக்குள்ள முன் கதவத் தெறந்து, அந்த சீட்டுல, இந்தா நீங்க இருக்கிற சீட்டுல, உக்காந்துட்டா. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது. நான் ஐயரு கொரல்ல, "எந்த ஊரும்மா, கோத்திரம் என்ன, சங்கல்பம் ஆச்சா?"ன்னேன். கால் அலசப் போனேன், அலை இழுத்துருச்சுன்னா. வீட்டுல கொண்டு போய் விட்டுட்டு, துண்ட வச்சு சீட்டத் தொடச்சுட்டேன். பயலுக பாத்துருந்தா ஓட்டித் தள்ளியிருப்பாய்ங்க, மைக்செட்டு வண்டிலயே ஈரத்துணியான்னு. நல்லவேள யாரும் பாக்கல. அதோட மறந்தாச்சு.

இத அங்க போய்ச் சொல்லுவாளா ஒருத்தி? கேஸே போச்சுல்ல. நான் கண்ணக் காட்டுறேன். அவ என்னப் பாக்கவே இல்ல.

ஜெரால்டு மெதுவாக் கேட்டான். "குளிக்கப் போனீங்களாக்கா?"

"இல்ல தம்பி"ன்னா. "பாப்பா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. அடுப்படில கூப்பிட்டா, கொல்லைல கூப்பிட்டா, போன்ல கூப்பிட்டா. எங்க போய்ப் பாத்தாலும் இல்ல. கடல்ல இருப்பாளோன்னு போனேன். கழுத்து வரைக்கும் போனேன். அங்கயும் இல்ல. திரும்பி வந்து அவ சீட்டுல உக்காந்தேன்."

நான் உடனே சொன்னேன், "கேட்டுக்கங்க தம்பி, கழுத்து வரைக்கும் போயிருக்கா, நீச்சலும் தெரியாது இவளுக்கு, எம்புட்டு வெவரம் பாருங்க"ன்னு. ஏசி மட்டும் ஓடுது. பூமயில் அப்பதான் என் பக்கம் திரும்பி, மெதுவா, யாரோ வேத்தாள்கிட்டச் சொல்ற மாதிரி சொன்னா. "அது நீங்கன்னு தெரியும்ங்க. தெரிஞ்சுதான் ஓடுவேன்."

அது என்ன பேச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. தெரிஞ்சா எதுக்கு ஓடணும்?

ஆனா பாருங்க சார், என் நேரம். ஜெரால்டு எந்திரிச்சுப் போனான். தண்ணி கொண்டாந்து அவ கைல குடுத்தான். மேனேஜரக் கூட்டிக்கிட்டு உள்ள போனான். கொஞ்ச நேரத்துல வந்து, கூலி வேணாம்ணே, அது வேணாம்ணே, இது வேணாம்ணே, பொட்டி வெலைல பாதி மட்டும் குடுங்க, அதுவும் கையில இருக்கப்பக் குடுங்கன்னான். மொகமெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு அவனுக்கு. பயந்துட்டான். தினம் போயி நான் கத்துன கத்து வீண் போகல. ஜெயிச்சுட்டேன் சார். பெரிய கம்பெனிய எதுத்து, ஒத்த ஆளா, எழுதப் படிக்கத் தெரியாதவன் ஜெயிச்சேன்.

பூமயில் ஒண்ணே ஒண்ணு கேட்டா அவன்கிட்ட. "அந்தப் பழைய பொட்டி இருக்கா தம்பி? அதக் குடுப்பீங்களா?" உள்ள போய்த் தேடி எடுத்தாந்து, ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்தான். உள்ளங்கையோட கொஞ்சம் பெருசு, அம்புட்டுத்தான். அவ அதத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "இதுக்குத்தான் தெரிஞ்சுச்சா?"ன்னா. எது தெரிஞ்சுச்சுன்னு அவனும் கேக்கல. "ஆமாக்கா"ன்னுட்டான். படிச்ச பய, அவனுக்கு என்ன புரிஞ்சுச்சோ.

வண்டிய எடுத்துட்டு வர்றப்ப முன்னாடி உக்காந்தா. நானே எதிர்பாக்கல. மடில அந்தப் பைய வச்சுக்கிட்டு. பெல்ட் போடல. வண்டி கத்துது, டிங், டிங், டிங்னு. போடும்மான்னேன், போடல. கொஞ்ச நேரம் கத்தும், ஓயும், மறுபடி கத்தும். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் வரைக்கும் கத்திக்கிட்டே வந்துச்சு. அவ கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே வந்தா. நான் சும்மா இருக்க மாட்டாம அதே சத்தத்த நானும் போட்டேன், டிங் டிங்னு, கூடவே. அவ கைய எடுத்து என் வாயில வச்சுட்டா. கோவமா இல்ல. மெதுவா. கை ஐஸா இருந்துச்சு.

மறுநா காலைல முதுகுளத்தூருக்கு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. மாத்துத் துணி ரெண்டு, அந்தப் பை. அவ்வளவுதான். பத்து நாளு இருந்துட்டு வர்றேன்னா. ஆடி முடிஞ்சுருச்சு, வரல. எனக்குத் தெரியும் ஏன்னு. வெக்கம் சார். புருசன் கண்ணா வச்சிருந்த வண்டிய நாமளே கெடுத்துட்டமேன்னு வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கா. நான் அவ அக்காகிட்டச் சொல்லி அனுப்பிட்டேன், எனக்குக் கோவமே இல்ல, வண்டி இப்ப முன்ன விட நல்லா ஓடுது, வரச் சொல்லுன்னு. உங்கள ஈரத்தோட ஏத்துனேன் பாருங்க, இப்ப எல்லாரையும் ஏத்துறேன். அதையும் சொல்லச் சொல்லியிருக்கேன். அக்காக்காரி படக்குனு போன வச்சுட்டா. அவளுக்கு எப்பவுமே என்னக் கண்டா ஆகாது.

வாட்சப்புல பேசி அனுப்புறோம்ல, அது தினமும் அனுப்புறேன் பூமயிலுக்கு. ஜெரால்டு மாதிரி, மேனேஜரு மாதிரி, பாம்பன் ரயிலு, ஸ்டேஷன் பொம்பள, "முதுகுளத்தூரில் இருந்து ராமேஸ்வரம் செல்லும் திருமதி பூமயில் அவர்களின் கனிவான கவனத்திற்கு"ன்னு கூட ஒண்ணு. எல்லாத்தையும் கேக்குறா. கேட்டுட்டான்னு ரெண்டு கோடு நீலமா வருது. பதிலுதான் இல்ல.

இன்னும் ஒண்ணுதான் சார் அனுப்பாம வச்சிருக்கேன். பாப்பா கொரலு. அவ்வளவு நாளு அத வச்சுத்தானே சிரிக்க வச்சேன். "அம்மா, டிரைவரு தனியா இருக்காரு, வா"ன்னு ஒரே ஒரு தடவ. அத அனுப்புனா அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்துருவான்னு நெனைக்கிறேன். என்ன சார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? குளுருதா?

சவாரி இல்லாதப்ப, கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு, தனியா ஓட்டிக்கிட்டே போட்டுப் பாக்குறேன். ரொம்ப நாளாப் போடாம விட்டதுல பிடிபட மாட்டேங்குது சார். ஒருக்கா அப்படியே வந்துட்ட மாதிரி இருக்கு. ஒருக்கா வேற யாரு வீட்டுப் புள்ளையோ பேசுற மாதிரி இருக்கு. உலகத்துல எந்தக் கொரலும் எனக்குத் தப்புனது இல்ல. உங்களுக்குப் போட்டுக் காட்டலாம். ஆனா நீங்க எங்க பாப்பா பேசிக் கேட்டதில்லையே. சரியா இருக்கா, இல்லையான்னு சொல்லணும்னா, அவ ஒருத்திதான் இருக்கா.

இந்தா வந்துருச்சு ஓட்டலு. மச்சான் வாசல்லயே நிக்கிறாரு பாருங்க, பையோட. இருங்க சார், வண்டி நிக்கட்டும், அதுக்குள்ள பெல்ட்டக் கழட்டிட்டீங்களே. கத்துது பாருங்க.

இல்ல, வேணாம், மாட்டாதீங்க. கொஞ்ச நேரம் கத்தட்டும்.